18 காரட் தங்க மெட்டாலிக் கிளாஸ்: வார்ப்புக்கு சூப்பர், போட்டுக்க யோசிங்க

நகை வேலைக்கு பல்க் மெட்டாலிக் கிளாஸ், அதாவது தடிமனா வார்க்கக்கூடிய உலோகக் கண்ணாடி, எடுக்கலாமான்னு யோசிக்கறவங்களுக்கு இது. பாக்க முழுக்க உலோகம்தாங்க, அணுக்கள் மட்டும் வரிசை இல்லாம, உருகுன நிலையில இருந்த மாதிரியே உறைஞ்சு போயிருக்கும். 1960ல அமெரிக்காவுல இருக்கற கால்டெக் ஆராய்ச்சி பல்கலைக்கழகத்துல போல் டூவெஸ்ங்கற விஞ்ஞானியோட டீம் முதல்ல செஞ்சதே தங்கமும் சிலிக்கானும் கலந்துதான், ஆனா அது மெல்லிசு செதில், நகைக்கு ஆகாது. 2005ல வந்த தங்கக் கலவைதான் 5 மில்லிமீட்டர் தடிமன் வரைக்கும் வார்க்க வருது, மோதிரத்துக்கு அது தாராளம். அணு கணக்குல பாத்தா அதுல பாதிகூட தங்கம் இல்ல, எடைல பாத்தா 76 சதவீதம், 18 காரட்டுக்கு 75 போதும், அதனால அந்த கணக்குல வந்துடுது.

வார்ப்பு வேலைக்கு நான் முழு மார்க் குடுப்பேன். 400 டிகிரிக்குள்ளயே முழுசா உருகிடுது, ஆறும்போது படிகம் ஆகாததால சுருக்கம் ரொம்ப கம்மி, அச்சுல இருக்கற பொடிப்பொடி கோடுகூட அப்படியே வந்துடுது. 128 டிகிரி தாண்டினா இளக ஆரம்பிக்கும், அதனால 150 ஒட்டி சூடு வெச்சு பிளாஸ்டிக் மாதிரி அச்சுல அழுத்தலாம். சாதா 18 காரட்டை விட ரெண்டு மடங்குக்கு மேல கடினம், மெருகு போட்டா கண்ணாடி தோத்துடும்.

பிரச்சனை என்னன்னா அந்த 128 டிகிரியேதான். பொடி வெச்சு ஊதி பத்த வைக்கற (சால்டரிங் பண்ணி ஒட்டற) பேச்சே கிடையாது, ஊதுகுழல் பட்டா படிகமாகி மொறுமொறுன்னு உடையும், லேசர் வெல்டிங்னாலும் சூடு பக்கத்துல பரவாம பாத்து பண்ணணும். மோதிரம் பத்தலன்னு தட்டி பெருசாக்கறது, காய்ச்சி பதம் பண்றது எதுவும் நடக்காது, அதனால சைஸ் முதல்லயே சரியா எடுத்துடுங்க. கல் பதிக்கறப்பவும் பிராங்கை (கல்லை பிடிக்கற கொக்கியை) மடக்கினா ஸ்பிரிங் மாதிரி திரும்பி வரும், ரொம்ப மடக்கினா விரிசல் விடும்.

அதைவிட பெரிய குறை நிறம். புதுசுல வெளிர் நிறமா அழகா இருக்கும், ஆனா போட்டுக்கிட்டே இருந்தா அதுல இருக்கற காப்பரும் சிலிக்கானும் வேலைய காட்டி மேல மங்கி பழுப்பேறிடும். தங்கம்னு சொல்லி குடுத்த பொருள் கருத்தா கஸ்டமர் சும்மா இருப்பாரா? ஷோகேஸ் பீஸுக்கு ஓகே, தினம் போடற மோதிரத்துக்கு நான் எடுக்க மாட்டேன்.

எனக்கு புடிச்சது பிளாட்டினம் கலவைல செஞ்ச மெட்டாலிக் கிளாஸ்தான். எடைல 85 சதவீதம் பிளாட்டினம், சுத்த பிளாட்டினம் உருக 1768 டிகிரி வேணும், இது 600க்குள்ளயே உருகிடும், வேலை எவ்ளோ சுலபம்னு நீங்களே பாருங்க. இளகற சூடும் 230 டிகிரிக்கு மேல, நிறமும் நிக்குது. ஊதுகுழல் சமாச்சாரம் இதுக்கும் அதேதான். வாங்கறப்ப ஒண்ணு மட்டும் கேளுங்க, சில கலவைல நிக்கல் இருக்கு, சிலருக்கு தோல் அரிக்கும், நிக்கலுக்கு பதிலா கோபால்ட் போட்டதும் இருக்கு.