ஆதரவு நின்றுபோன மேக் கணினியில் புதிய இயங்குதளம்: ஓப்பன்கோர் லெகசி பேட்சர் மதிப்புரை

2012ஆம் ஆண்டின் நடுவில் வெளிவந்த 13 அங்குல மேக்புக் ப்ரோவுக்கு ஆப்பிள் அளித்த கடைசி இயங்குதளம், 2019இல் வந்த கேட்டலினா. குரோம் உலாவியும் தன் 128ஆம் பதிப்போடு கேட்டலினாவைக் கைவிட்டுவிட்டதால், விசைப்பலகை முதல் திரை வரை ஒரு குறையும் இல்லாத என் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கவே தயங்க வேண்டிய நிலை ஏற்பட்டது. அந்தத் தயக்கத்தைப் போக்கியது, டார்டானியா குழுவினர் உருவாக்கி இலவசமாக வழங்கும் ஓப்பன்கோர் லெகசி பேட்சர் என்ற திறந்த மூல மென்பொருள். இப்போது அதே கணினியில் 2023இல் வெளியான சோனோமா ஓடுகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, கணினியின் ஃபர்ம்வேரை, அதாவது வன்பொருளுக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை, இது தொடுவதே இல்லை என்பதுதான். வட்டில் கணினியைத் தொடங்கும் கோப்புகளுக்கென ஒதுக்கப்பட்ட இஎஃப்ஐ பகுதியில், ஓப்பன்கோர் என்ற பூட் லோடரை (இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் நிரலை) வைத்து, இயங்குதளம் எழுவதற்கு முன்பே தேவையான டிரைவர்களை (வன்பொருளை இயக்கும் சிறு நிரல்களை) நினைவகத்தில் ஏற்றி, இந்த மாடலில் நிறுவ முடியாது என்று மறுக்கும் சோதனையையும் கடக்கச் செய்கிறது. வேண்டாம் என்று தோன்றினால் அந்தப் பகுதியை நீக்கிவிட்டுக் கேட்டலினாவை மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். நிறுவும் வேலை கடினமானதன்று; 32 ஜிபி யூஎஸ்பி டிரைவ் ஒன்றும் ஓர் ஓய்வான மாலைப்பொழுதும் போதும்.

நிறுவி முடித்தவுடன் காணும் திரையைக் கண்டு யாரும் மனம் தளர வேண்டாம். இன்டெல் எச்டி 4000 கிராஃபிக்ஸுக்கான டிரைவர்களை மான்டெரே என்ற பதிப்பிலும், பழைய வைஃபை சிப்புகளுக்கானவற்றைச் சோனோமாவிலும் ஆப்பிள் நீக்கிவிட்டதால், தொடக்கத்தில் சாளரங்கள் இழுத்து இழுத்து நகரும், வைஃபையும் இருக்காது. ‘ரூட் பேட்ச்’ என்ற அடுத்த கட்டம் அந்த டிரைவர்களை இயங்குதளக் கோப்புகளுக்குள் திரும்பக் கொண்டுவருகிறது. இந்த மாடலில் ஈதர்நெட் துளை இருப்பது அந்த நேரத்தில் பெரிய உதவி.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. 2020இல் வந்த பிக் சர் முதல், இயங்குதளக் கோப்புகள் உள்ள பகுதி டிஜிட்டல் கையொப்பத்தால் முத்திரையிடப்பட்டிருக்கிறது. ரூட் பேட்ச் அந்த முத்திரையை உடைக்கிறது, எஸ்ஐபி என்னும் பாதுகாப்பு அரணையும் ஓரளவு தளர்த்துகிறது. அதன் விளைவாக, சிறிய புதுப்பிப்புக்குக்கூட ஏறத்தாழ 12 ஜிபி அளவுள்ள முழுக் கோப்பையும் பதிவிறக்க நேர்கிறது. ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பின்னும் பேட்ச்களை மறுபடியும் இட வேண்டியிருக்கிறது. எனவே தானியங்கிப் புதுப்பிப்பை முதல் நாளே நிறுத்திவிட்டு, பேட்சரின் புதிய பதிப்பு வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே இயங்குதளத்தைப் புதுப்பிக்க வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்களே வராத கேட்டலினாவைவிட இந்த நிலை மேலானது என்பது என் கருத்து; ஆனாலும் ஆப்பிள் நேரடியாக ஆதரிக்கும் கணினிக்கு இது ஈடாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வேகத்தைப் பொறுத்தவரை, பழைய ஹார்ட் டிஸ்க்கை வைத்துக்கொண்டு இந்த முயற்சியில் இறங்குவதில் பயனில்லை. என் கணினியில் எஸ்எஸ்டியும் 16 ஜிபி ரேமும் பொருத்தியிருக்கிறேன். எழுத்து வேலை, மின்னஞ்சல், இணையம், காணொளி அழைப்பு ஆகியவை தடையின்றி நடக்கின்றன. எச்இவிசி என்ற சுருக்க வடிவிலுள்ள 4கே காணொளிகள் மட்டும் திணறுகின்றன. அவற்றை விரிக்கும் வன்பொருள் வசதி இந்தச் சிப்பில் இல்லாததால், எந்த பேட்சும் அதைச் சரிசெய்துவிட முடியாது.

வேறொரு கணினியோ முழுமையான காப்புப்பிரதியோ இல்லாதவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை இருப்பவர்கள் தயங்காமல் முயன்று பார்க்கலாம். 2025இல் வெளியான டஹோவே இன்டெல் சிப் கொண்ட மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்துவிட்டதால், இந்த வழியில் இனிச் செல்லக்கூடிய தொலைவும் அதுவரைதான்.