வெளியூர் ஆட்ட டிக்கெட்: புள்ளிக்கணக்கா, குலுக்கலா?

இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்தில், ஓர் ஆட்டத்துக்கு வெளியூர் அணியின் ரசிகர்களுக்கு 3,000 இருக்கைகள்தான். சிறிய மைதானமென்றால் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. போர்ன்மவுத் அணியின் சிறிய மைதானத்தில் ஆயிரத்துச் சொச்சம். 2016-17 முதல் விலைக்கு 30 பவுண்டு உச்சவரம்பு. ஆகவே பணம் இருந்தால் மட்டும் போதாது. வரிசையில் யார் முன்னே என்பதுதான் சண்டை.

புள்ளிக்கணக்கில், இதுவரை டிக்கெட் வாங்கிய ஒவ்வொரு வெளியூர் ஆட்டத்துக்கும் ரசிகருக்குப் புள்ளி; அதிகப் புள்ளி உள்ளவருக்கே முதலில் டிக்கெட். புதன்கிழமை இரவில் லண்டனிலிருந்து நியூகாசில் வரை போய், மழையில் நனைந்து, தோல்வியைப் பார்த்து, கடைசி ரயிலையும் தவறவிட்டவருக்கு அது நியாயமான கூலி. சிக்கல் வேறிடத்தில். புள்ளியை இழக்க மனமில்லாமல், போகாத ஆட்டத்துக்கும் டிக்கெட் வாங்கி நண்பரிடம் கொடுத்துவிடுகிறார்கள். பயணம் நண்பருக்கு, புள்ளி இவருக்கு! இருபது வயது ரசிகருக்கோ முதல் புள்ளிக்கே வழியில்லை.

குலுக்கல் அவருக்குக் கதவைத் திறக்கிறது. ஆனால் சாதாரண ஆட்டங்களை எட்டிப் பார்க்காதவரும் பெரிய ஆட்டத்துக்கு மட்டும் பெயர் கொடுத்து டிக்கெட்டைத் தட்டிச் சென்றுவிடலாம். இதை நியாயம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

என் ஓட்டு புள்ளிக்கே. ஆனால் ஒரு சிறு பங்கு குலுக்கலுக்குப் போக வேண்டும். கைமாறுவதைத் தடுக்க, சில டிக்கெட்டுகளையாவது மைதான வாசலில் அடையாள அட்டை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.