செம்பனை ஊரிலிருந்து ‘தி லோராக்ஸ்’ பற்றி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், எண்ணெய் எடுக்க வளர்க்கும் செம்பனைகளுக்கு நடுவே வளரும் பிள்ளைகளுக்கு, 2012-இல் வெளிவந்த ‘தி லோராக்ஸ்’ அசைபடத்தைப் பரிந்துரைக்கலாமா என்று கேட்டால், அரைமனத்தோடுதான் ஆம் என்பேன். அமெரிக்கச் சிறுவர் எழுத்தாளர் டாக்டர் சூஸ் 1971-இல் வெளியிட்ட மூல நூலில், மரங்களை வெட்டித் தீர்க்கும் ஒன்ஸ்லரின் முகம் காட்டப்படுவதே இல்லை. பச்சைக் கைகள் மட்டும் தெரிவதால், அவை யாருடைய கைகளாகவும் இருக்கலாம் என்ற உறுத்தல் வாசகருக்கு உண்டாகிறது. படமோ அவனுக்குக் கிட்டார் வாசிக்கும் அழகிய இளைஞனின் முகத்தைக் கொடுத்துவிட்டு, பழியில் பெரும்பங்கைப் புட்டிக் காற்று விற்கும் ஓஹேர் என்ற குள்ள முதலாளியின் தலையில் கட்டுகிறது. ஒரு வில்லனை விரட்டினால் காடு திரும்பிவிடும் என்பது அரசியல் வாதமாகவும் தேறாது.

இங்கோ, ஏறத்தாழ 25 ஆண்டு முதிர்ந்த செம்பனைகளை இயந்திரம் சாய்ப்பதையும், அதே நிலத்தில் மறுநடவு நடப்பதையும் பிள்ளைகள் நேரில் பார்க்கிறார்கள். “தாத்தா சீவின ரப்பர் பால்மரமும் காட்டை அழிச்சு நட்டதுதானே, மாமா?” என்று அக்காள் மகள் கேட்டாள், படத்தில் அதற்கு விடையில்லை. பேராசையைக் கண்டிக்கும் இப்படத்தை வைத்தே மஸ்டா கார் விளம்பரம் செய்தது தனிக் கேலிக்கூத்து.

ஒன்ஸ்லர் தன் செயலை நியாயப்படுத்திப் பாடப்பாட ஆலை பெருத்துக்கொண்டே போகும் காட்சி மட்டும் மிக நன்று. சிறு பிள்ளைகளுக்கு நூலை முதலில் வாசித்துக் காட்டிவிட்டு, படத்தைப் பள்ளி விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம்.