நீட் தேர்வின் 180 நிமிடங்கள்: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

2022 முதல் 2024 வரை நீட் தேர்வில் 200 வினாக்கள் கேட்கப்பட்டு, அவற்றுள் 180க்கு விடையளித்தால் போதும் என்ற சலுகையும், அதற்கு 200 நிமிட நேரமும் இருந்தன. 2025 முதல் அந்தச் சலுகை நீக்கப்பட்டு, இயற்பியலில் 45, வேதியியலில் 45, உயிரியலில் 90 என 180 வினாக்களுக்கு 180 நிமிடங்கள் மட்டுமே தரப்படுகின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அரசுப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளுக்கு இந்த மாற்றம் கூடுதல் சுமையாகிறது. அவர்கள் பழகிய பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வினாத்தாளை வாசிக்கவே 10 நிமிடம் தனியாகக் கிடைக்கிறது. நீட் தேர்விலோ வாசிப்பு, கணக்கிடல், விடைத்தாளில் வட்டம் நிரப்புதல் ஆகிய மூன்றும் அந்த 180 நிமிடங்களுக்குள்ளேயே முடிந்தாக வேண்டும். எனவே எந்த வரிசையில் எழுதுவது, எப்போது வட்டம் நிரப்புவது என்பதையெல்லாம் தேர்வு நாளுக்கு முன்பே தீர்மானித்துவிடுவது அவசியம்.

முதலில் பாட வரிசையைப் பார்ப்போம். வினாத்தாளில் உள்ளபடி இயற்பியலில் தொடங்குவது ஒரு வழி. உயிரியலை முடித்துவிட்டு வேதியியல், இயற்பியல் என்று செல்வது மற்றொரு வழி. முதல் வழியை ஆதரிப்போர், மூளை தெளிவாக இருக்கும்போதே கடினமான கணக்குகளைப் போட்டுவிட வேண்டும் என்கின்றனர். இந்த வாதத்தில் நியாயம் உண்டு. தேர்வு மே மாத வெயிலில், பிற்பகல் 2 மணிக்குத் தொடங்குகிறது, 1.30 மணிக்கே நுழைவாயில் மூடப்படுகிறது. சித்தேரி மலையிலிருந்தோ தளியிலிருந்தோ காலையிலேயே பேருந்தேறி வந்த ஒரு பிள்ளைக்கு நான்கு மணிக்கு மேல் கணக்குப் போடும் தெம்பு குறைந்திருக்கும் என்பதை மறுக்க முடியாது. ஆயினும் பெரும்பாலான மாணவர்களுக்கு உயிரியலில் தொடங்குவதே நல்லது என்பது என் முடிவு. மொத்தமுள்ள 720 மதிப்பெண்களில் உயிரியலுக்கு மட்டும் 360 உண்டு. அதில் பெரும்பகுதி நினைவிலிருந்து எடுத்து எழுதுவது என்பதால் ஒரு வினாவுக்கு அரை நிமிடமே போதும். 2025இல் இயற்பியல் பகுதி மிகக் கடினமாக இருந்தது என்று பரவலாகப் பேசப்பட்டது. அப்படிப்பட்ட ஆண்டில் இயற்பியலை முதலில் திறந்த மாணவர், முதல் பக்கத்திலேயே நான்கைந்து வினாக்களில் தடுமாறினால், அந்தப் பதற்றத்தோடுதான் உயிரியலுக்கு வந்து சேர்வார். நன்கு தெரிந்த விடையும் அப்போது தவறிப்போகும்.

வட்டம் நிரப்பும் நேரத்தையும் சேர்த்து உயிரியலுக்கு 50 நிமிடம், வேதியியலுக்கு 50 நிமிடம், இயற்பியலுக்கு 60 நிமிடம் என்று பிரித்தால் 20 நிமிடம் கையில் மிஞ்சும். மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து இயற்பியலில்தான் அதிக மதிப்பெண் பெறுகிறார் என்றால், அந்த மாணவர் மட்டும் இயற்பியலில் தொடங்கலாம். வேதியியலை முதலில் எழுதுவதால் தனிப்பட்ட நன்மை எதுவும் எனக்குத் தென்படவில்லை.

அடுத்தது, ஒரே மூச்சில் எழுதுவதா, இரண்டு சுற்றாக எழுதுவதா என்பது. பாட வரிசையைவிட இதுவே அதிக மதிப்பெண்களைத் தீர்மானிக்கிறது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். எடுத்துக்காட்டாக, மின்தேக்கிகள் ஐந்து இணைந்த ஒரு சுற்றின் படத்தைக் கொடுத்து, தொகுபயன் மின்தேக்குத்திறனைக் கேட்கிறார்கள் என்று கொள்வோம். படத்தைத் திருத்தி வரைவதற்கே ஒரு நிமிடம் போய்விடும். விடை வராவிட்டால், இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற எண்ணத்தில் மேலும் மூன்று நிமிடம் செலவாகும். அந்த நான்கு நிமிடத்தில் உயிரியலில் எட்டு வினாக்களை முடித்திருக்கலாம். மதிப்பெண் கணக்கில் அது 32. இரண்டு சுற்று முறையில், ஒன்றரை நிமிடத்துக்குள் வழி தெரியாத வினாவின் எண்ணை வட்டமிட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்குத்தான் இது மிகவும் கடினம். தெரிந்த பாடத்தை விட்டுச் செல்ல அவர்களுக்கு மனம் ஒப்புவதில்லை. ஆகவே வார இறுதி மாதிரித் தேர்வுகளில் மதிப்பெண்ணோடு, எந்தெந்த வினாவை உரிய நேரத்தில் விட்டார்கள் என்பதையும் ஆசிரியர்கள் பார்க்க வேண்டும். தேர்வறையில் கைக்கடிகாரத்துக்கு அனுமதி இல்லை என்பதால், பயிற்சியின்போதும் அதைக் கழற்றி வைத்துவிடுவது நல்லது.

தமிழ்வழி மாணவர்களுக்கு இன்னொரு தேர்வும் உண்டு. அவர்களது வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். இரண்டுக்கும் முரண்பாடு வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. 2018ஆம் ஆண்டு வினாத்தாளில் 49 வினாக்களின் தமிழாக்கத்தில் பிழைகள் இருப்பதாகக் கூறி 196 மதிப்பெண் வழங்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதும், அதை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்ததும் பலருக்கு நினைவிருக்கும். அதற்காக எல்லா வினாக்களையும் இரு மொழியிலும் வாசித்தால் நேரம் கட்டுப்படியாகாது. தமிழில் வாசித்து, கலைச்சொல் அறிமுகமற்றதாகத் தோன்றினாலோ நான்கு விடைகளும் பொருந்தாவிட்டாலோ மட்டும் ஆங்கிலத்தைப் பார்ப்பதே சரியான நடுவழி.

வட்டம் நிரப்புவதில் மூன்று பழக்கங்கள் உள்ளன. ஒவ்வொரு வினாவுக்கும் உடனுக்குடன் நிரப்புவது பாதுகாப்பானது. ஆனால் 180 முறை தாள் மாறித் தாள் பார்ப்பதால் கவனம் அறுந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றையும் கடைசியில் நிரப்புவது ஆபத்தானது: ஒரு வட்டத்துக்கு 5 விநாடி என்றாலும் 15 நிமிடம் தேவை, அந்த அவசரத்தில் 46ஆம் வினாவின் விடையை 47இல் நிரப்பிவிட்டால், பேனாவால் நிரப்பியதை அழிக்க வழியில்லை. பக்கத்துக்குப் பக்கம் நிரப்புவதையே நான் பரிந்துரைக்கிறேன். விட்டுச் சென்ற வினாவின் வரிசை வரும்போது இடக்கை ஆள்காட்டி விரலை அந்த எண்ணின்மேல் வைத்துக்கொண்டு அடுத்த எண்ணுக்குச் செல்லப் பழகினால், வரிசை பிறழ்வது பெரிதும் தவிர்க்கப்படும்.

கடைசியில் மிஞ்சும் 20 நிமிடத்தில், எண் வட்டமிட்ட வினாக்களுக்குத் திரும்பலாம். சரியான விடைக்கு 4 மதிப்பெண் கூடும், தவறான விடைக்கு 1 குறையும். நான்கில் எதையுமே நீக்க முடியாத நிலையில் ஊகிப்பது சராசரியாகக் கால் மதிப்பெண்தான் தரும். அதற்கு நேரம் செலவிடத் தேவையில்லை. இரண்டு விடைகள் நிச்சயமாகத் தவறு என்று தெரிந்தால் அந்தச் சராசரி ஒன்றரை மதிப்பெண்ணாக உயர்கிறது. எனவே இரண்டாம் சுற்றை அத்தகைய வினாக்களிலிருந்து தொடங்கி, முழுக் கணக்கும் போட வேண்டியவற்றை அதன்பின் எடுத்துக்கொள்வது நல்லது.