அலெர்ட் வந்தது, மெஷின் எது? ப்ரோமீதியஸுடன் மூன்று வருடம்

போன வாரம் பழைய ஆபீஸ் நண்பர் போன் செய்தார். "ப்ரோமீதியஸ் போடலாம்னு இருக்கோம். நீங்க மூணு வருஷமா வெச்சிருக்கீங்களே, எப்படி?" சர்வர், நெட்வொர்க் சுவிட்ச் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று கண்காணித்து, கோளாறு என்றால் அலெர்ட் கொடுக்கும் சாஃப்ட்வேர் அது. கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒரு ராத்திரி நினைவுக்கு வந்துவிட்டது.

மணி 2.10. "10.20.4.17:9100 டவுன்" என்று மெசேஜ். 9100, லினக்ஸ் மெஷினின் நிலவரத்தை ப்ரோமீதியஸுக்குக் கொடுக்கும் நோட் எக்ஸ்போர்ட்டர் என்ற புரோகிராமின் போர்ட், அதனால் ஏதோ ஒரு லினக்ஸ் சர்வர் என்று தெரியும். வேறொன்றும் தெரியாது. எங்கள் எக்செல் பட்டியலில் அந்த ஐபிக்கு நேராக பில்லிங் டேட்டாபேஸ் என்று இருந்தது. டேட்டாபேஸ் பார்க்கும் மேடத்தை எழுப்பினேன். கைக்குழந்தைக்காரர். இருபது நிமிஷம் தேடிவிட்டு, "தம்பி, டேட்டாபேஸ் நல்லாத்தான் ஓடுது. அதை வேற சர்வருக்கு மாத்தி ரெண்டு மாசம் ஆச்சே, உங்ககிட்ட யாரும் சொல்லலையா?" என்றார். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. விழுந்து கிடந்தது, அந்த ஐபியைப் பிறகு வாங்கிக்கொண்ட ஒரு டெஸ்டிங் விஎம், அதாவது வேறொரு சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் மெஷின்.

ப்ரோமீதியஸ் தப்பாக எதுவும் சொல்லவில்லை. நாம் வேறு பெயர் கொடுக்காதவரை, மெட்ரிக் (அளவீடுகள்) எடுக்கும் முகவரியையே இன்ஸ்டன்ஸ் லேபிளாக, அதாவது மெஷினின் பெயர்ச்சீட்டாக, ஒட்டிவிடும். எனக்கு எரிச்சல் அங்கேதான். முகவரி இன்றைக்கு ஒருவனுடையது, நாளைக்கு இன்னொருவனுடையது. மெஷின்களை நெட்வொர்க்கில் இணைக்கும் சுவிட்ச் என்றால் இன்னும் மோசம். சுவிட்சிடம் நேராகக் கேட்காமல், எஸ்என்எம்பி எக்ஸ்போர்ட்டர் என்ற இடைத்தரகர் புரோகிராம் வழியாகப் போகிறோம் இல்லையா, ரீலேபிளில் (லேபிளை மாற்றி எழுதும் செட்டிங்கில்) இன்ஸ்டன்ஸ் வரியை விட்டுவிட்டால் எந்த சுவிட்ச் செத்தாலும் எக்ஸ்போர்ட்டர் ஓடும் மெஷினின் பெயரில்தான் அலெர்ட் வரும்.

அடுத்த வாரமே எக்செல்லைத் தூக்கிப்போட்டோம். ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டியிருக்கும் அசெட் நம்பர்தான் இனி அடையாளம் என்று வைத்தோம். விஎம்முக்கும் அப்படியே ஒரு நம்பர். அசெட் ரிஜிஸ்டரிலிருந்து ஒரு ஜேசன் ஃபைல் தானாக உருவாகும். அதில் அசெட் நம்பர், ரேக் (மெஷின் இருக்கும் அலமாரி), யார் பொறுப்பு எல்லாம் லேபிளாக இருக்கும். ஃபைல் மாறினால் ப்ரோமீதியஸ் ரீஸ்டார்ட் கேட்காமல் எடுத்துக்கொள்ளும். இந்த ஒன்றுக்காகவே அதைக் கும்பிடலாம். மூன்றாவது ரேக்கின் சுவிட்ச் போன அன்று 22 சர்வர்கள் ஒரே நேரத்தில் மௌனம். போனுக்கு வந்தது ஒரே மெசேஜ், சுவிட்சின் அசெட் நம்பரோடு. அலெர்ட்டுகளை நமக்கு அனுப்பிவைக்கும் அலெர்ட்மேனேஜரின் இன்ஹிபிட் ரூல் மற்ற 22-ஐயும் அடக்கிவிட்டது. நேராக அந்த ரேக்குக்குப் போய் நின்றோம். அந்த நிம்மதியை அனுபவித்தால்தான் தெரியும்.

அதே ரூல்தான் பிறகு எங்களைக் கவிழ்த்தது. ஒரு சுவிட்ச் விழுந்திருக்கும்போது, அதே ரேக்கில் இருக்கும் சர்வரின் அலெர்ட்டை அடக்கு என்பது ரூல். கிளை ஆபீஸில் வெள்ளையடிக்கிறார்கள் என்று ஒரு சுவிட்சை மூன்று நாள் அணைத்து வைத்தார்கள். புது சுவிட்ச், ரிஜிஸ்டரில் ரேக் நிரப்பவில்லை. குடோனில் இருக்கும் பேக்கப் சர்வருக்கும் ரேக் இல்லை. லேபிள் இரண்டு பக்கமும் இல்லாவிட்டால் இரண்டும் சமம் என்றுதான் அலெர்ட்மேனேஜர் எடுத்துக்கொள்ளும். பேக்கப் சர்வரில் டிஸ்க் நிரம்புகிறது என்ற அலெர்ட் எழுந்த இடத்திலேயே அடங்கிப்போனது. இரண்டு ராத்திரி பேக்கப் இல்லை. மூன்றாம் நாள் திரையில் 'இன்ஹிபிட்டட்' கட்டத்தை டிக் செய்த பிறகுதான் அது அங்கே சிவப்பாக உட்கார்ந்திருந்தது தெரிந்தது.

டாக்குமெண்டில் இது தெளிவாக எழுதியிருக்கிறது, நாங்கள்தான் படிக்கவில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் காலியான இரண்டு கட்டங்களைச் சொந்தக்காரர்களாக்கும் இந்த வழக்கத்தை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. சுவிட்ச் பக்கம் ரேக் காலியாக இருக்கக்கூடாது என்று ரூலில் ஒரு நிபந்தனை சேர்த்தோம், பிரச்சினை தீர்ந்தது. கோபம் தீரவில்லை.

நண்பரிடம் ஒன்றுதான் கேட்டேன். "உங்க அசெட் ரிஜிஸ்டர் எப்படி இருக்கு?"

"இருக்குங்க. கடைசியா ஆடிட் வந்தப்ப அப்டேட் பண்ணது."

"அப்ப இப்போதைக்குப் போடாதீங்க" என்றேன். எங்கள் ஆபீஸில் இதை எடுத்துவிட்டு வேறொன்று வைக்கலாம் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு நிற்பேன், அது வேறு விஷயம். இரண்டு மாசம் ரிஜிஸ்டரைச் சரி பண்ணிவிட்டுக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு வருத்தம்தான்.