அந்த ஆறு இலக்கத்தை நானேதான் அனுப்பினேன்

சித்திரை வருடப் பிறப்புக்கு முந்தைய கிழமை. திருகோணமலை உவர்மலையில் வீட்டிலிருந்தே தைக்கிற எனக்குத் தலை நிமிர நேரமில்லாத நாட்கள் அவை. மெசினில் ஒரு சாறி பிளவுஸ், மேசையில் வெட்டாமல் நான்கு, போனில் “அக்கா, என்னுடையது முடிந்ததா” என்று பத்துப் பேர். அந்த நேரம் பார்த்துத்தான், என்னோடு ஓ.எல் வரை படித்த ஒருத்தியின் எண்ணிலிருந்து வட்ஸ்அப்பில் செய்தி வந்தது. பழைய மாணவிகள் சந்திப்பை ஸூமில் வைக்கிறார்களாம், என் பெயரையும் போட்டிருக்கிறாளாம், என் போனுக்கு ஒரு கோட் வருமாம், அதை அவளுக்கு அனுப்பிவிட்டால் சேர்த்துவிடுவாளாம்.

கோட் வந்தது. ஊசியில் நூல் கோர்த்தபடியே போனின் மேல் பக்கம் வந்து விழுந்த அறிவிப்பைப் பார்த்தேன், ஆறு இலக்கம் இருந்தது, பார்த்து அடித்து அனுப்பினேன். எஸ்எம்எஸ்ஸைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. திறந்திருந்தால், அதற்கும் ஸூமுக்கும் சம்பந்தமில்லை, அது வட்ஸ்அப்பே அனுப்பிய கோட் என்பதும், ஒருவருக்கும் கொடுக்காதே என்று அதிலேயே எழுதியிருப்பதும் கண்ணில் பட்டிருக்கும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கும் அன்றைக்குத் தெரியாது. புதுப் போனில் வட்ஸ்அப் போடும்போது உங்கள் எண்ணைக் கேட்கும், கொடுத்ததும் அந்த எண்ணுக்கு ஆறு இலக்கக் கோட் ஒன்று எஸ்எம்எஸ்ஸில் வரும், அதை அடித்தால் கணக்கு அந்தப் போனுக்குப் போய்விடும். எங்கேயோ இருந்த ஒருவன் தன் போனில் என் எண்ணை அடித்துவிட்டுக் காத்திருந்தான். நான் வீட்டுத் திறப்பை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் என் வட்ஸ்அப் மூடிக்கொண்டது. டேட்டா முடிந்துவிட்டதாக்கும் என்று நினைத்து மகனைக் கடைக்கு அனுப்பி ரீலோட் போட்டேன், அப்படியும் வரவில்லை, போனை நிறுத்திப் போட்டேன். இந்தக் கூத்திலேயே அரை மணித்தியாலம் போய்விட்டது. அப்புறம்தான் உப்புவெளியிலிருந்து ஒரு வாடிக்கைக்காரப் பிள்ளை கோல் எடுத்தாள். “அக்கா, காசு கேட்டிருந்தீங்கள், அவ்வளவு இப்போது கையில் இல்லை, பத்து போடட்டுமா?”

அந்த நிமிடம் வயிற்றுக்குள் என்ன செய்தது என்று எழுதத் தெரியவில்லை.

என் பெயரில், என் படத்தோடு, எல்லோருக்கும் ஒரே செய்தி போயிருந்தது: அவசரமாக 45,000 வேண்டும், என் பேங்க் அப் வேலை செய்யவில்லை, துணிக்கடைக்காரரின் கணக்குக்கு நேரே போடுங்கள், நாளைக் காலையில் தருகிறேன். பழைய செய்திகள் எதுவும் அவன் போனுக்குப் போயிருக்காது, அவை என் போனிலேயே கிடந்தன. ஆனால் நான் இருக்கிற குழுக்கள் அத்தனையும் அவனுக்குத் தெரிந்தன. குடும்பக் குழு, கோயில் குழு, எல்லாவற்றுக்கும் மேலாகப் புது டிசைன் போடுவதற்கென்று நானே நூறு பேரைத் தேடித் தேடிச் சேர்த்து வைத்த குழு. அவன் எண் தேட வேண்டிய வேலையை நான் வருடக்கணக்காகச் செய்து வைத்திருந்தேன்.

எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கலாமே என்று கேட்கிறார்கள். ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கும்போது திருமலைக்காரி யார், எங்கேயோ இருந்து அடிக்கிறவன் யார் என்று எதை வைத்துப் பிரிப்பது? நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் பிழை விடுகிறோம்.

நிலாவெளி மாமி போட்டுவிட்டா. சீட்டுக்காசு எடுத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. 45,000 முழுசாக. “நீ ஒருநாளும் ஹாய் போடுகிறவள் இல்லையே, ஹாய் போட்டிருக்கிறாய் என்றால் பதட்டத்தில் இருக்கிறாய் என்று நினைத்தேன்” என்றா. கணக்குப் பெயர் யாரோ ஒருவருடையதாக இருந்ததையும் பார்த்திருக்கிறா, அதற்குத்தான் துணிக்கடைக் கதை தயாராக இருந்ததே.

பிடிபடாதவர் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியப்பா ஒருவர்தான். அவருக்கு எழுத்தில் வருகிற எதிலும் நம்பிக்கை கிடையாது, வாழ்த்துச் செய்திக்கே திரும்பக் கோல் எடுத்து “நீதானா அனுப்பினது” என்று கேட்கிற மனிதர். அவனுக்கும் முதலில் கோல்தான் எடுத்திருக்கிறார், அவன் வெட்டிவிட்டான். சரி என்று, “கன்னியாவில் எத்தனை கிணறு?” என்று எழுதிக் கேட்டிருக்கிறார். எங்கள் ஊர் வெந்நீர்க் கிணறுகள் அவை, எங்கள் வீட்டில் நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கும் ஏழு என்று தெரியும். அவன் அனுப்பிய பதில்: “அங்கிள் அவசரம், பிறகு சொல்கிறேன்.” அங்கிளாம். பெரியப்பாவுக்கு வந்த கோபம் காசு கேட்டதற்கா, அங்கிள் என்றதற்கா என்று இன்னும் தெரியவில்லை.

இனி, உதவி என்று போன இடங்களைச் சொல்கிறேன். நகரத்தில் ஒரு போன் கடை. பெயர் வேண்டாம். போனை வாங்கி இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, வைரஸ் ஏறிவிட்டது, முழுவதும் அழித்தால்தான் சரிவரும் என்றார். 3,500 ரூபாய். அம்மாவோடு கடைசியாகக் கோணேசர் கோயிலுக்குப் போன அன்று எடுத்த படங்கள் அதற்குள் இருந்தன, வேறு எங்கும் எடுத்து வைக்கவில்லை. அழித்துத் தந்தார், வட்ஸ்அப் வரவில்லை. எப்படி வரும்? என் போனுக்கு ஒன்றுமே நடக்கவில்லை, களவு போனது கணக்கு. 45,000ஐக்கூட உழைத்துவிடலாம், இந்த 3,500 கொடுத்த நினைவுதான் இன்னும் ஆறவில்லை.

அடுத்தது மாமியின் வங்கி. அவசர இலக்கத்துக்கு எடுத்து, தமிழுக்கு அழுத்தச் சொன்ன இலக்கத்தை அழுத்தி, பாட்டுக் கேட்டுக்கொண்டே இருபது நிமிடம் இருந்த பிறகு வந்தவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில் சொன்னேன். கணக்குக்காரர்தான் பேச வேண்டும் என்றார், மாமிக்கு அந்த உடைந்ததும் தெரியாது. தமிழ் தெரிந்தவர் இப்போது இல்லை என்றார். அப்படியென்றால் அந்த இலக்கத்தை எதற்கு வைத்திருக்கிறார்கள்?

மறுநாள் கிளைக்கே போனோம். அங்கிருந்த தங்கச்சி தன்மையாகத்தான் கதைத்தாள், ஆனால் மாமியே தன் கணக்குக்குள் போய், மாமியே ஓடிபி அடித்து அனுப்பிய காசு என்பதால் மற்ற வங்கிக்கு அறிவிப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது என்றாள். முன்பு வங்கி விட்டு வங்கி காசு போக நேரம் எடுக்கும். 2015இல் சிஃப்ட்ஸ் முறை வந்த பிறகு அந்த நிமிடமே போய்ச் சேர்கிறது, சேர்ந்ததை எடுக்கவும் ஏடிஎம் வாசலில் ஆள் நிற்கிறது. காசு போய்ச் சேர்ந்த கணக்குக்காரரும் பெரும்பாலும் கள்ளனாக இருக்கமாட்டாராம், ஏதோ ஒரு கொமிசனுக்குத் தன் கணக்கைக் கொடுத்த ஆளாக இருப்பாராம். மாமி வெளியே வந்து படியில் உட்கார்ந்து, எதிர்ப்பக்கம் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த மானையே பார்த்துக்கொண்டிருந்தா. என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

பொலிசில் முறைப்பாடு போட்டோம். ஸ்கிரீன்சொட் கேட்டார்கள். மாமி இரவே ஆத்திரத்தில் அந்த உரையாடலை முழுவதுமாக அழித்துவிட்டிருந்தா. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். செய்தி, எண், கணக்கு இலக்கம், அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் அப்படியே வைத்திருங்கள். நல்லவேளை பெரியப்பாவின் போனில் கன்னியாக் கிணறு முதற்கொண்டு எல்லாம் இருந்தது. இப்படிப்பட்டவற்றுக்கென்று 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது, ஆகவே “போன் பிரச்சினைதானே” என்று திருப்பி அனுப்பினால் திரும்பி வராதீர்கள். கணக்கை மீட்க வழி கேட்க, கணினிப் பாதுகாப்புக்கான அரச நிறுவனமான ஸ்ரீலங்கா சேர்ட்டின் 101க்கும் எடுக்கலாம். நான் அதை மூன்றாம் நாள்தான் அறிந்தேன், கடைக்காரருக்கு 3,500 கொடுத்ததற்குப் பிறகு.

கணக்கு எப்படித் திரும்பி வந்தது என்றால், வேறொன்றுமில்லை, என் எண்ணையே மறுபடி வட்ஸ்அப்பில் அடித்து எஸ்எம்எஸ்ஸில் வந்த புதுக் கோட்டைப் போட்டேன். பதட்டத்தில் திரும்பத் திரும்பக் கோட் கேட்டால் மணிக்கணக்காகக் காத்திருக்கச் சொல்லும், அதையும் செய்து பார்த்துவிட்டேன். கோட் போட்ட பிறகு, நான் வைக்காத ஒரு பின் (PIN) இலக்கத்தைக் கேட்டது. அவன் வைத்துவிட்டுப் போனது. அது தெரியாவிட்டால் ஏழு நாள் பொறுக்க வேண்டும். ஆனால் அந்த எஸ்எம்எஸ் கோட் ஏறிய நிமிடமே அவன் வெளியே போய்விடுவான், அதுதான் முக்கியம். அந்தப் பின்னை நான் முதலே வைத்திருந்தால் ஆறு இலக்கத்தைக் கொடுத்திருந்தும் அவனால் உள்ளே வந்திருக்க முடியாது. செட்டிங்ஸில் அக்கவுண்டுக்குள் டூ ஸ்டெப் வெரிஃபிகேசன் என்று இருக்கும், இரண்டு நிமிட வேலை. அப்படியே, உங்கள் கணக்கோடு வேறு எந்தப் போன், கொம்பியூட்டர் இணைந்திருக்கிறது என்று காட்டுகிற லிங்க்ட் டிவைசஸையும் ஒருமுறை பாருங்கள். எட்டு எழுத்துக் கோட் ஒன்றைத் தந்து, அதை உங்கள் போனில் அடிக்கச் சொல்கிற இன்னொரு வகை சுத்துமாத்தும் இருக்கிறது. அதில் உங்கள் வட்ஸ்அப் மூடாது, அவன் சத்தமில்லாமல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டிருப்பான்.

இதையெல்லாம் பேஸ்புக்கில் சுருக்கமாகப் போட்டபோது, போன காசை மீட்டுத் தருகிறேன், 5,000 மட்டும் முன்பணம் என்று ஒருவர் இன்பொக்ஸுக்கு வந்தார். உண்மையைச் சொன்னால், மாமியின் முகத்தை நினைத்து ஒரு இரவு முழுக்க யோசித்தேன். பெரியப்பாதான் தடுத்தார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். எனக்குச் செய்தி வந்தது பின்னேரம். தோழியின் கணக்குப் போனது அன்று மத்தியானமே. அவளுக்குத் தெரிந்திருக்கிறது, வெட்கத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை. கேட்டதும் எனக்குக் கடுப்பாகத்தான் வந்தது, நன்றாக ஏசினேன். ஆனால் உப்புவெளிப் பிள்ளையின் கோல் வந்த பிறகு நான் என்ன செய்தேன்? மாமாவீட்டுக்காரர் என்ன நினைப்பார்களோ, இனி யார் தைக்கத் தருவார்களோ என்று இரவு எட்டு மணிவரை ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. மாமி காசு போட்டது ஏழு மணிக்கு.

மாமிக்கு மாதம் 5,000 படி கொடுத்து வருகிறேன், இன்னும் 30,000 இருக்கிறது. என் எண்ணிலிருந்து கோட் கேட்டும் செய்தி போயிருக்கிறது, அதை நம்பி என் டிசைன் குழுவில் இரண்டு பேர் தங்கள் கோட்டைக் கொடுத்திருக்கிறார்கள் என்பது போன கிழமைதான் தெரிய வந்தது. வேறு யாரும் கொடுத்திருந்தால் எனக்குக் கோல் எடுங்கள், நான் ஏசமாட்டேன். எழுதி அனுப்ப வேண்டாம், கோல் எடுங்கள்.