வென்ஸ்ட்ரவா, இடது கட்சியா?

டென்மார்க்கின் ‘வென்ஸ்ட்ர’ கட்சியைப் பற்றிக் கலைக்களஞ்சியத்தில் எழுத உட்கார்ந்தபோது தலைப்பிலேயே இரண்டு நாள் போய்விட்டது. அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் ‘இடது’. கட்சியோ மைய-வலது. முதலில் ‘இடது கட்சி’ என்று தமிழாக்கித்தான் வைத்தேன். இரண்டு மாதத்தில் மாற்றினேன். இன்று ஒலிபெயர்ப்பின், அதாவது பெயரை ஒலிப்படியே தமிழில் எழுதுவதன், பக்கம்தான் நிற்கிறேன்.

மொழிபெயர்ப்பின் நன்மை எல்லோருக்கும் தெரிந்தது: பார்த்ததும் புரியும். பிரித்தானியத் தொழிற்கட்சி, அமெரிக்கக் குடியரசுக் கட்சி போன்றவை நமக்கு நன்றாகப் பழகிவிட்ட பெயர்கள். அவற்றில் கை வைக்கவே கூடாது. ஆனால் சிவசேனாவை நாம் ‘சிவாஜியின் படை’ என்று எழுதுவதில்லையே.

என்னை மாற்றியது பராமரிப்பு. சுவீடனிலும் ஓர் இடது கட்சி இருக்கிறது. 1917இல் தோன்றி, 1990 வரை பெயரிலேயே கம்யூனிசத்தைச் சுமந்த, உண்மையிலேயே இடதுசாரியான கட்சி அது. நோர்வேயில் 1884இல் தொடங்கிய இன்னொரு வென்ஸ்ட்ர உண்டு. அது தாராளவாதக் கட்சி. ஜெர்மனியில் 2007இல் உருவான ‘டி லிங்கெ’வுக்கும் பொருள் இடதுதான். தமிழில் நான்குக்கும் ஒரே பெயர் வந்துவிடும். தலைப்பில் நாட்டின் பெயரை அடைப்புக்குறிக்குள் சேர்த்துப் பிரிக்கலாம்தான். ஆனால் பிற கட்டுரைகளில் இணைப்புக் கொடுப்பவர்கள் அதைச் சேர்ப்பதில்லை. 2022 டென்மார்க் தேர்தல் அட்டவணையில், மொத்தம் 179 இடங்களில் 23 பெற்ற வென்ஸ்ட்ரவின் வரிசையைச் சொடுக்கினால் சுவீடன் கட்சியின் பக்கம் திறந்தது. அதைச் சரிசெய்த வாரமே, நல்லெண்ணத்தோடு ஒருவர் தகவற்பெட்டியில் (கட்டுரையின் ஓரத்தில் வரும் சுருக்கக் கட்டம்) ‘மைய-வலது’ என்றிருந்ததை ‘இடதுசாரி’ ஆக்கியிருந்தார். அவர்மேல் குற்றமில்லை, ‘இடது கட்சி’ என்ற தலைப்பின் கீழ் ‘வலது’ என்று கண்டால் யாருக்கும் பிழையாகத்தான் தோன்றும். நான் மீட்டேன். அடுத்த மாதம் வேறொருவர் மாற்றினார்.

ஒலிபெயர்த்த பிறகு இந்தத் தொல்லை நின்றது. டென்மார்க் வாக்குச்சீட்டில் இக்கட்சிக்குரிய எழுத்து ‘வி’. அட்டவணையில் ‘வி’க்கு எதிரே ‘இடது’ என்று இருந்த பொருத்தமின்மையும் போயிற்று.

இதில் குறை இல்லாமல் இல்லை. கிரந்தம் தவிர்ப்போர் ‘வென்சுட்ர’ என்பார்கள், சிலர் ‘வென்ஸ்ட்ரே’ என்பார்கள். டேனிய மொழி எனக்குக் காதளவில்தான் பழக்கம். கடைசி ஒலி தொண்டைக்குள்ளேயே கரைந்துவிடுவதாகக் கேட்கிறது. ‘வென்ஸ்ட்ர’ என்பது என் தேர்வு, அவ்வளவுதான். மேலான எழுத்துக்கூட்டல் கிடைத்தால் மாற்றிக்கொள்வேன். நோர்வேக் கட்சிக்கும் இதே பெயர் என்பதால் அங்கே மட்டும் அடைப்புக்குறி தேவைப்படுகிறது.

பொருளை விட்டுவிடுவதாக நினைக்க வேண்டாம்; அது முதல் பத்திக்கு வருகிறது. மைய-வலதுக் கட்சிக்கு ஏன் ‘இடது’ என்று பெயர்? 1870இல் உழவர்களின் கட்சியாக இது திரண்டபோது, எதிரே இருந்தது பெருநிலக்கிழார்களின் ‘ஹொய்ர’, அதாவது ‘வலது’. அமைச்சரவையை அரசர் தம் விருப்பப்படி அமைக்கலாகாது, நாடாளுமன்றப் பெரும்பான்மைக்கு அது கட்டுப்பட வேண்டும் என்பதே அன்றைய இடதின் கோரிக்கை. 1901இல் அது நிறைவேறியது. கட்சி பின்னாளில் வலப்பக்கம் நகர்ந்தது, பெயர் நகரவில்லை.

இப்போது கட்டுரை இப்படித் தொடங்குகிறது: “வென்ஸ்ட்ர (பொருள்: ‘இடது’) டென்மார்க்கின் மைய-வலதுத் தாராளவாதக் கட்சி. 19ஆம் நூற்றாண்டில் நிலக்கிழார்களின் ‘வலது’க்கு எதிராக உழவர்கள் திரண்டதால் இப்பெயர் பெற்றது.”